விண்டோஸ் 10 நின்ற பிறகு: பழைய மாற்று இயங்குதளங்கள் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு ஒன்று உண்டு. அதற்குத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி எழும்போதே தளத்தைச் சரிபார்க்கும் யுஇஎஃப்ஐ செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி எல்லாம் வேண்டும். ராமேஸ்வரம் லாட்ஜின் வரவேற்பு மேசையிலும், பாம்பன் கருவாட்டுக் கமிஷன் கடையிலும், மண்டபம் ஐஸ் கம்பெனியிலும் பில் போடுகிற கணினி பத்து வயதைத் தாண்டியது என்றால் இந்தப் பட்டியலிலேயே அது விழுந்துவிடும்.

அந்த இடத்தில்தான் யோசனைகள் வந்து குவிகின்றன. ஹைக்கு போட்டால் பறக்கும் என்கிறார் ஒருவர். பில் போட, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் போதும் என்கிறார் இன்னொருவர். ஓஎஸ்/2 இன்னும் உயிரோடு இருக்கிறது, ரியாக்ட்ஓஎஸ் விண்டோஸ் மாதிரியே இருக்கும் என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் இந்த இயங்குதளங்களை வேகமாக்கிய அதே முடிவுகள்தான் அவற்றின் குறைகளையும் உண்டாக்கின. அதைப் புரிந்துகொள்ளாமல் கடைக் கணக்கை அவற்றின் தலையில் ஏற்றினால் கணக்கு போகும்.

முதலில் நான்கு அடிப்படைகள்

இயங்குதளம் என்பது வன்பொருளுக்கும் நாம் ஓட்டும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள். அதன் மையப் பகுதி கர்னல். ஒரு பழைய இயங்குதளத்தை எடைபோட இந்த நான்கைப் பார்த்தால் போதும்.

1. நினைவகக் காப்பு. ஒரு நிரல் இன்னொரு நிரலின் ராம் பகுதியில் எழுதாதபடி கர்னல் தடுப்பது. இது இல்லாத தளத்தில் ஒரே ஒரு நிரல் தவறினால் மொத்தக் கணினியும் உறைந்துபோகும்.

2. பல்பணி. ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுவது. இதில் இரண்டு வகை உண்டு. செயலியின் நேரத்தைக் கர்னலே பங்கு பிரித்து, நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்த நிரலுக்குக் கொடுப்பது ஒரு வகை. நிரல்கள் தாமாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும் என்பது மற்றது. இரண்டாவது வகையில் ஒரு நிரல் விட்டுக்கொடுக்க மறுத்தால் மற்றவை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

3. கோப்பு முறைமையும் அதன் நாளேடும். வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது கோப்பு முறைமை. அந்தக் கணக்கை மாற்றும் முன்னால், என்ன மாற்றப் போகிறோம் என்று தனியே குறித்து வைப்பதை நாளேடு முறை என்கிறோம். கரண்ட் போய் வந்தால் நாளேட்டைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்ளும். காற்று வீசினாலே மின்சாரம் போய் வருகிற கடலோரத்தில் இந்த ஒரு வசதி மற்ற மூன்றையும்விடப் பெரியது என்றே சொல்வேன்.

4. இயக்கிகள். பிரிண்டர், வைஃபை, ஒலி போன்ற ஒவ்வொரு கருவியோடும் பேசத் தெரிந்த சிறு நிரல்கள். பயனர் எண்ணிக்கை குறைந்த தளத்துக்கு எந்த நிறுவனமும் இயக்கி எழுதித் தருவதில்லை. ஆர்வலர்கள்தான் எழுத வேண்டும். அதனால் இங்கே ஓட்டை எப்போதும் இருக்கும்.

ஃப்ரீடாஸ்: பில் மேசைக்கு மட்டும்

மைக்ரோசாஃப்ட் தன் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும், அதற்கு இலவச மாற்றாக 1994 ஜூன் 29 அன்று ஜிம் ஹால் தொடங்கிய திட்டம் ஃப்ரீடாஸ். 1.0 பதிப்பு 2006இலும் 1.3 பதிப்பு 2022இலும் 1.4 பதிப்பு 2025இலும் வந்தன. விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்து விற்கும் மடிக்கணினிகளின் பெட்டியில் 'டாஸ்' என்று போட்டிருப்பார்களே, பெரும்பாலும் அது இதுதான்.

இப்போது இதைப் பற்றிப் பேச்சு எழுந்ததற்கு ஒரு நேரடிக் காரணம் இருக்கிறது. டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் என்ற தரவுத்தளக் கருவிகளில் எழுதிய நிரல்கள் 16 பிட் வகை. 32 பிட் விண்டோஸ் 10 வரை அவை ஓடின. 64 பிட் விண்டோஸில் அந்த வசதியே கிடையாது. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும். ஆகவே இருபது வருடமாக அசையாமல் ஓடிய பில் நிரல், புது விண்டோஸ் ஏறியதும் திறக்கவே திறக்காது. நிரல் கெட்டுப்போகவில்லை, அதற்குக் கீழே இருந்த தரை போய்விட்டது.

பலம்:

1. சில வினாடிகளில் எழுந்து நேராக பில் திரைக்கு வந்துவிடும். பின்னணியில் புதுப்பிப்பு, விளம்பரம், வைரஸ் சோதனை எதுவும் ஓடாது.

2. நிரல் வன்பொருளோடு நேரடியாகப் பேசும். எல்பிடி1 என்ற பழைய பேரலல் பிரிண்டர் துளையில் செருகிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அனுப்பிய எழுத்தை அனுப்பிய நொடியே அடிக்கும். கார்பன் வைத்து மூன்று நகல் எடுக்கும் ஐஸ் கம்பெனி பில்லுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

3. வலையில் இணைக்காத வரை வெளியிலிருந்து தாக்குதல் வர வாசலே இல்லை. பென்டிரைவில் வரும் இன்றைய விண்டோஸ் வைரஸும் இங்கே ஓடாது.

பலவீனம் இதைவிட நீளம். நினைவகக் காப்பு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான். நிரல்களுக்கு அடிப்படையாகக் கிடைப்பது 640 கேபி நினைவகம். அதற்கு மேல் வேண்டும் என்றால் தனி மேலாளர் நிரல் ஏற்ற வேண்டும். கணினியை எழுப்பும் பழைய வழியான பயாஸ் முறையில்தான் எழும். யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள புதுக் கணினியில் சிஎஸ்எம் என்ற பொருந்தல் வசதி இருந்து, அதை இயக்கினால்தான் உண்டு. ஜிபிடி என்ற புது முறையில் பிரித்த வட்டை அறியாது, எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்திருக்க வேண்டும்.

கடலோரக் கடைகளில் இதை வைத்தால் எங்கே அடி விழும் என்பதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதல் இடம் கரண்ட் கட். ஃப்ரீடாஸ் பயன்படுத்தும் ஃபேட் கோப்பு முறைமைக்கு நாளேடு இல்லை. அதோடு, இந்த நிரல்கள் பில்களைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதியில் 'மொத்தம் இத்தனை பதிவுகள்' என்ற எண் இருக்கும். பல நிரல்கள் கோப்பை மூடும்போதுதான் அந்த எண்ணைத் திருத்தி எழுதுகின்றன. காலையில் ஏலம் முடிந்து நாற்பது பில் போட்ட பிறகு, கோப்பு மூடப்படாத நிலையில் கரண்ட் போனால், வட்டில் அந்த நாற்பதும் கிடந்தாலும் தலைப்பில் பழைய எண்ணே இருக்கும். நிரல் திறந்ததும் அந்த பில்கள் மாயமாகியிருக்கும். அல்லது 'இது தரவுக் கோப்பே இல்லை' என்று பிழை காட்டும். இதற்குச் செய்ய வேண்டியவை:

1. நிரல் எழுதியவர் கிடைத்தால், ஒவ்வொரு பில்லும் சேமித்தவுடன் ஃபாக்ஸ்புரோ என்றால் ஃப்ளஷ் கட்டளையும் கிளிப்பர் என்றால் கமிட் கட்டளையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை.

2. அவர் கிடைக்காவிட்டால், நடுநடுவே பில் திரையை விட்டு முதன்மை மெனுவுக்கு வந்து திரும்பப் போங்கள். பல பழைய நிரல்கள் அங்கே கோப்பை மூடிவிடும்.

3. வட்டில் எழுதுவதைத் தள்ளிப்போடும் கேஷ் நிரல் எதையும் ஏற்றாதீர்கள்.

4. கரண்ட் வந்ததும் நேராக பில் நிரலுக்குள் போகாமல், முதலில் டாஸ்எஃப்எஸ்சிகே நிரலால் வட்டைச் சரிபாருங்கள். ஃப்ரீடாஸின் செக்டிஸ்க் ஃபேட்32 வட்டைத் தொடாது. பிறகு அட்டவணைக் கோப்புகளை மறுபடி உருவாக்குங்கள், அதாவது ரீஇண்டெக்ஸ். வரிசை குலைந்து தெரிவதில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது இடம் பிரிண்டர். புதுக் கணினிகளில் எல்பிடி துளை இல்லை. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் விண்டோஸில் வேலை செய்யும், டாஸில் செய்யாது. அந்தக் கேபிளுக்கு இயக்கி வேண்டும், டாஸுக்கு அது கிடைப்பதில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் அட்டை வாங்கிச் செருகினாலும் பிரச்சினை தீரும் என்று சொல்ல முடியாது. பழைய எல்பிடி1 இருந்த முகவரி 378. புது அட்டை வேறு முகவரியில் உட்காரும், பயாஸ் தன் பட்டியலில் அதைச் சேர்க்காது, நிரலுக்கு பிரிண்டர் இருப்பதே தெரியாது. எனவே டாஸ் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்பிடி துளை உள்ள பழைய மதர்போர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சூடு. டாஸ் சும்மா இருக்கும்போதும் செயலியை முழு வேகத்தில் சுற்ற விடும். ஏசி இல்லாத கடையில், உப்பும் தூசியும் அப்பிய மின்விசிறியோடு, இது நல்லதில்லை. ஃப்ரீடாஸோடு வரும் எஃப்டிஏபிஎம் நிரலை 'ஏபிஎம்டாஸ்' என்ற விருப்பத்தோடு தொடக்கக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் செயலி இடையிடையே ஓய்வெடுக்கும்.

சில சிறு விஷயங்கள். பென்டிரைவைக் கணினி எழுவதற்கு முன்பே செருகியிருந்தால் பயாஸ் அதை ஒரு வட்டாகக் காட்டும். நடுவில் செருகினால் தெரியாது. ஃபேட்32 ஆக வடிவமைத்த பென்டிரைவாக இருக்க வேண்டும். 64 ஜிபி வகைகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வருவதால் தெரியாது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல் 'ரன்டைம் எரர் 200' என்று நின்றால், அது செயலியின் வேகம் கூடிப்போனதால் வரும் வகுத்தல் பிழை. அதைத் திருத்தும் சிறு ஒட்டுநிரல்கள் உண்டு.

ஜிஎஸ்டி கணக்குக்கு இந்தக் கணினியிலிருந்து நேராகப் போக முடியாது. டிபிஎஃப் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து இன்னொரு கணினியில் லிப்ரேஆஃபிஸ் கால்கில் திறந்து பார்க்கலாம். அங்கே திருத்தி அதே கோப்பின் மேல் சேமித்து, திரும்பக் கொண்டுவந்து போடவே கூடாது. புலங்களின் அகலமும் வகையும் மாறி, நிரல் அந்தக் கோப்பைத் திறக்க மறுக்கும்.

ஹைக்கு: அழகான வடிவமைப்பு, திறந்த கதவு

ஆப்பிளிலிருந்து விலகிய ழான் லூயி கஸ்ஸே தொடங்கிய பீ நிறுவனம் 1990களில் உருவாக்கியது பீஓஎஸ். ஒலி, படம், காணொளி ஆகியவற்றுக்காகவே அடியிலிருந்து கட்டியது. 2001இல் அந்த நிறுவனத்தின் சொத்துகள் பாம் நிறுவனத்துக்குப் போயின. அதே ஆண்டு ஆர்வலர்கள் ஓப்பன்பீஓஎஸ் என்ற பெயரில் அதை மறுபடி எழுதத் தொடங்கினார்கள். 2004இல் அது ஹைக்கு என்று பெயர் மாறியது. ஐந்தாம் பீட்டா பதிப்பு 2024 செப்டம்பரில் வந்தது.

1. வேகம் உண்மையானது. சாளரம் ஒவ்வொன்றும் தனி இழையில், அதாவது தனி வேலை ஓட்டத்தில், ஓடுவதால், பின்னணியில் கனமான வேலை நடந்தாலும் திரை கைக்கு உடனே பதில் சொல்லும். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது வந்தது போன்ற, 2 ஜிபி ராம் கொண்ட கருவிக்கும் இது தாங்கும்.

2. இதன் பிஎஃப்எஸ் கோப்பு முறைமைக்கு நாளேடு உண்டு. கரண்ட் போய் வந்தால் நீண்ட சோதனை இல்லாமல் எழும்.

3. ஒவ்வொரு கோப்போடும் கூடுதல் விவரங்களை ஒட்டி வைத்துத் தேடலாம். விசைப்படகு ஆவணங்களின் ஸ்கேன் நகல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் படகுப் பதிவு எண், உரிமையாளர் பெயர், காப்பீடு முடியும் நாள் என்று புலங்களைச் சேர்த்து, தேடப்பட வேண்டிய புலத்துக்கு அட்டவணை போட்டுவிட்டால், 'அடுத்த மாதம் காப்பீடு முடிகிற படகுகள்' என்ற கேள்வி ஒரு கோப்புறை போலத் திரையில் நிற்கும். தனித் தரவுத்தள மென்பொருளே தேவையில்லை. இன்றைய பெரிய இயங்குதளங்களில் கூட இவ்வளவு நேர்த்தியாக இந்த வசதி அமையவில்லை.

4. மென்பொருள் பொதிகள் படிக்க மட்டுமான முறையில் ஏற்றப்படுகின்றன. புதுப்பித்த பிறகு ஏதாவது கெட்டால், தொடக்க மெனுவில் முந்தைய நிலையைத் தேர்ந்து பழையபடி எழலாம்.

இனி குறைகள். ஹைக்கு ஒற்றைப் பயனர் முறையில் இயங்குகிறது. ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கணினியின் முழு அதிகாரமும் உண்டு. அனுமதி கேட்டு நிற்கும் அடுக்குகள் இல்லாதது எளிமைக்கு ஒரு காரணம். உலாவியில் ஒரு ஓட்டை கிடைத்தால் மொத்தக் கணினியும் திறந்து கிடப்பதற்கும் அதுவே காரணம். லாட்ஜில் விருந்தினரின் ஆதார் நகலை வைத்திருக்கும் கணினிக்கு இது ஏற்புடையதில்லை. அந்த விவரங்கள் நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை.

அடுத்தது வன்பொருள். வைஃபை இயக்கிகள் பிஎஸ்டி என்ற இயங்குதளக் குடும்பத்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை. அங்கே ஆதரவு இல்லாத சில்லு இங்கேயும் ஓடாது. கிராஃபிக்ஸ் சில்லின் வேக உதவி பெரும்பாலும் கிடைக்காததால் காணொளி முழுவதையும் செயலியே சுமக்க வேண்டும். பிரிண்டர் ஆதரவு மெலிந்தது. நல்ல வேளையாக, நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து எழுப்பிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர், திரை அளவு நான்கையும் அப்படிச் சோதித்த பிறகே வட்டைத் தொட வேண்டும்.

ஒட்டி வைத்த விவரங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோப்பை ஃபேட்32 பென்டிரைவுக்கு நகலெடுத்தால் அவை உதிர்ந்துவிடும், கோப்பு மட்டும் போகும். ஹைக்குவின் சொந்த ஜிப் கருவியால் பொதிந்து எடுத்தால் நிற்கும்.

ஓஎஸ்/2: பழைய நிரல் கையில் இருந்தால் மட்டும்

ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1987இல் வெளியிட்டது. 1992இல் 2.0 வந்தபோது ஐபிஎம் தனியாக நின்றது. வார்ப் 3 1994இலும் வார்ப் 4 1996இலும் வந்தன. வங்கி ஏடிஎம்கள் பலவற்றில் நெடுங்காலம் ஓடியது இதுதான். 2006 இறுதியோடு ஐபிஎம் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. இன்று ஆர்கா நோயே நிறுவனம் ஆர்காஓஎஸ் என்ற பெயரில், உரிமம் பெற்று, காசுக்கு விற்கிறது. 2023இல் வந்த 5.1 பதிப்பு யுஇஎஃப்ஐ கணினிகளிலும் எழும்.

இதன் பெரும் பலம் டாஸ் நிரல்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து ஓட்டுவது. ஒரு அறையில் பில் நிரல் உறைந்தாலும் அடுத்த அறையில் ஓடும் கணக்கு நிரலுக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு அறைக்கும் நினைவக அளவையும் மற்ற அமைப்புகளையும் தனியாக வைக்கலாம். டாஸைவிட நல்ல டாஸ் என்று இதற்கு அந்தக் காலத்தில் பெயர் கிடைத்தது இதனால்தான்.

பலவீனத்தில் பேர்போனது ஒற்றை உள்ளீட்டு வரிசை. விசைப்பலகை, மவுஸ் அழுத்தங்கள் எல்லாம் ஒரே வரிசையில் வரும். முன்னால் நிற்கும் நிரல் தன் செய்தியை எடுக்காமல் நின்றால் பின்னால் உள்ளவை முழுதும் நின்றுவிடும். உள்ளே கர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குக் கணினி செத்த மாதிரி தெரியும், அவர் பவர் பட்டனை அழுத்திவிடுவார். பிற்காலத் திருத்தங்கள் இதைக் குறைத்தன, வேரோடு எடுக்கவில்லை. பழைய ஹெச்பிஎஃப்எஸ் வட்டு முறையில் கரண்ட் போய் வந்தால் சோதனை நெடுநேரம் ஓடும். நாளேடு உள்ள ஜேஎஃப்எஸ் முறையைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை குறையும். 32 பிட் தளம் என்பதால் 4 ஜிபிக்கு மேலான ராமை நிரல்கள் நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

ஓஎஸ்/2க்கென்று எழுதிய மென்பொருளை நம்பி நடக்கும் தொழிற்கூடங்களுக்கு ஆர்காஓஎஸ் தேவையான ஒன்று. அப்படி எதுவும் இல்லாத கடைக்காரர் காசு கொடுத்து இதை வாங்கக் காரணம் இல்லை.

மற்றவை, சுருக்கமாக

ரியாக்ட்ஓஎஸ் விண்டோஸைத் திறந்த மூலத்தில் மறுபடி எழுதும் முயற்சி. 1990களின் இரண்டாம் பாதியில் தொடங்கியது, 2025இல் 0.4.15 பதிப்பு வந்த பிறகும் ஆல்ஃபா என்ற தொடக்கச் சோதனை நிலையிலேயே இருக்கிறது. பொருந்த முயல்வது விண்டோஸ் சர்வர் 2003 தலைமுறையோடு. திரை பழக்கமானதாக இருப்பதாலேயே இதில் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். நிரல் திறக்கும், இரண்டு நாள் ஓடும், பிறகு ஒரு நாள் நீலத் திரை வரும். கணக்கு வைக்கும் கணினியில் போடவே வேண்டாம்.

அமிகாஓஎஸ் 1985இலேயே முறையான பல்பணியைக் கொண்டுவந்தது. நினைவகக் காப்பு இல்லை. அசல் தளம் நம் ஊர்க் கணினிகளில் ஓடாது. ரிஸ்க் ஓஎஸ் ஆர்ம் செயலிக்காக ஏகார்ன் நிறுவனம் எழுதியது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இலவசமாகப் போடலாம், கண்ணிமைக்கும் வேகம். ஆனால் நிரல்கள் தாமாக விட்டுக்கொடுக்கும் பழைய பல்பணிதான், செயலியின் ஒரு கருவை (கோர்) மட்டுமே பயன்படுத்தும். மினிக்ஸ், 1987இல் ஆண்ட்ரூ தனன்பாம் பாடம் நடத்த எழுதியது. கல்லூரி மாணவர்கள் கர்னலைப் புரிந்துகொள்ள இன்றும் அருமையான வாசல்.

தமிழ்ச் சோதனை

இந்தத் தளங்களின் ஒப்பீடுகளில் வழக்கமாக விடுபடுவது இது. யூனிகோடில் 'தொ' என்ற எழுத்து முதலில் த, பிறகு ஒகரக் குறி என்று இரண்டு துண்டாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை முன்னாலும் ஒரு பாதியை பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி இயங்குதளத்தில் இல்லாவிட்டால், எழுத்துரு சரியாக இருந்தாலும் குறி இடம் மாறி நிற்கும்.

சோதிக்க மூன்று ஊர்ப்பெயர்கள் போதும்: தொண்டி, கீழக்கரை, தேவிபட்டினம். முதலாவதில் பிளந்து நிற்கும் குறியும், இரண்டாவதில் முன்னால் வர வேண்டிய ஐகாரமும், மூன்றாவதில் முன்னால் வர வேண்டிய ஏகாரமும் இருக்கின்றன. கோப்புப் பெயராக ஒரு முறை, எழுதுகருவியில் ஒரு முறை, அச்சில் ஒரு முறை பாருங்கள். ஹைக்குவின் சொந்தச் சாளரங்களில் குறிகள் சிதறும். லிப்ரேஆஃபிஸ் தன் சொந்த எழுத்தமைப்பு இயந்திரத்தைக் கொண்டுவருவதால் அதற்குள் சரியாக வரும். ஃப்ரீடாஸுக்கு யூனிகோடு தெரியாது. அந்தக் காலத்தில் தமிழ் பில் அடிக்க, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் என்ற இந்திய மொழி அட்டை போன்றவை இருந்தன. அவை உட்காரும் ஐஎஸ்ஏ துளை இன்றைய மதர்போர்டுகளில் இல்லை.

இணையத்தின் சுவர்

'வெறும் பிரவுசிங்தானே' என்று பழைய தளத்தைப் போடுபவர்கள் முட்டி நிற்கும் இடம் இது. இன்றைய வலைத்தளங்கள் டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3 என்ற குறியாக்க முறையைக் கேட்கின்றன. பழைய உலாவிக்கு அது தெரியாது, பக்கம் திறக்காது. அடுத்து, தளங்களை நம்பலாம் என்று உறுதி சொல்லும் வேர்ச் சான்றிதழ்கள் காலாவதியாகும். 2021 செப்டம்பர் 30 அன்று அப்படியொரு வேர்ச் சான்றிதழ் முடிந்தபோது, பழைய கருவிகளில் ஏராளமான தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின.

மூன்றாவது காரணத்துக்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று உலாவி நினைத்து மறுக்கும். உப்புக் காற்றில் அந்தப் பேட்டரியின் தகடு பச்சை பிடிக்கும். பேட்டரியை மட்டும் மாற்றினால் பத்தாது, தகட்டையும் துடைக்க வேண்டும்.

இ-சேவை, வங்கி முகவர் வேலை செய்யும் கடைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆதார் கைரேகைக் கருவிகளை இயக்கும் ஆர்டி சேவை என்ற மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. மேலே சொன்ன எந்தத் தளத்திலும் அது ஓடாது. அந்த ஒரு கணினிக்கு விண்டோஸ் 11 ஓடும் இயந்திரம் வாங்குவதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

லினக்ஸை எங்கே வைப்பது?

இணையமும் தமிழும் பிரிண்டரும் ஒன்றாக வேண்டும் என்றால் பழைய கணினிக்கு இலவச இயங்குதளமான லினக்ஸ்தான். நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அதற்கு அடித்தளமான டெபியன் இன்றும் செழிப்பாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உங்கள் செயலி 32 பிட்டா, 64 பிட்டா? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிக்கு நிறுவியை நிறுத்திவிட்டது. டெபியன் 12 போடலாம், அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஆக, 32 பிட் இயந்திரத்தை இணையத்துக்கு நம்ப வேண்டாம், பில் மேசைக்கு அனுப்புங்கள்.

பழைய டாஸ் பில் நிரலுக்கும் லினக்ஸுக்குள்ளேயே இடம் உண்டு. டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்எமு2 அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் உள்ளே நிரலை ஓட்டினால், கோப்புகள் நாளேடு உள்ள எக்ஸ்ட்4 வட்டில் இருக்கும். நிரல் எல்பிடி1க்கு அனுப்புவதை யுஎஸ்பி பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம். ஒவ்வொரு இரவும் டிபிஎஃப் கோப்புகளைத் தானாக நகலெடுக்கவும் ஏற்பாடு செய்யலாம். நாளேடு காப்பது வட்டின் கணக்கைத்தான். டிபிஎஃப் தலைப்பு எண்ணின் பிரச்சினை இங்கேயும் இருக்கும் என்பதால் ஃப்ளஷ், கமிட் யோசனைகள் அப்படியே பொருந்தும். பெரும்பாலான கமிஷன் கடைகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் தனி ஃப்ரீடாஸைவிட இதையே பரிந்துரைப்பேன். எல்பிடி துளையும் டாட் மேட்ரிக்ஸும் நல்ல நிலையில் இருந்து, இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் ஃப்ரீடாஸ்.

லாட்ஜ் வரவேற்புக்கு லினக்ஸ். வீட்டில் ஓரமாகக் கிடக்கும் மடிக்கணினிக்கு, கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால், ஹைக்கு.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

1. வன்பொருளைத் தேற்றுங்கள். கடலோரத்தில் 'ஓஎஸ் சரியில்லை' என்று வரும் உறைவுகளுக்கு ராம் முனைகளில் படிந்த உப்பும் ஒரு காரணம். மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் ஓர் இரவு முழுதும் ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமில் எந்தத் தளத்தையும் ஏற்றாதீர்கள்.

2. பழைய வட்டை அழிக்காதீர்கள். கழற்றி உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். புதுத் தளத்துக்கு வேறு வட்டு, சிறிய எஸ்எஸ்டி போதும்.

3. பில் நிரலின் முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். டிபிஎஃப் மட்டும் எடுத்தால் மெமோ (நீண்ட குறிப்பு) புலங்களின் கோப்புகள், ஃபாக்ஸ்புரோ என்றால் எஃப்பிடி, விடுபடும். அச்சு வடிவக் கோப்புகளும் அங்கேதான் இருக்கும்.

4. தொடக்கக் கோப்பில் ஃபைல்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் திறக்கும் கிளிப்பர் நிரலுக்கு அதை 60 அல்லது அதற்கு மேல் வைத்து, கிளிப்பர் என்ற சூழல் மாறியிலும் அதே அளவைக் கொடுக்க வேண்டும். இது குறைந்தால் காலையில் ஓடிய நிரல், அறிக்கை எடுக்கும்போது மட்டும் நிற்கும்.

5. ஒரு மாதக் கணக்கைப் புதுக் கணினியில் எடுத்து, பழையதில் எடுத்த அச்சோடு மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். தேதி வரிசையையும் பாருங்கள்.

6. வாய்ப்பு இருந்தால் இந்த மாற்றத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் பில் குறைவு. இரண்டு கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்கும். தடை முடிந்து முதல் ஏலம் நடக்கும் காலையில் பழைய வட்டைத் தேடி ஓட வேண்டியிருக்காது.